உங்களுக்குத் தெரியுமா? ஆயிரத்துச் சொச்சம் பேருக்கு ஒரு ஜில்லா

கலிபோர்னியாவின் கிழக்கெல்லையில், சியரா நெவாடா மலைத்தொடரின் மீதமைந்த ஆல்பைன் கவுண்டியில் 2020-ஆம் ஆண்டு ஜனக்கணக்கின்படி வசிப்போர் 1,204 பேரே. வெள்ளிச் சுரங்கங்களின்மீது வைத்த அபரிமிதமான நம்பிக்கையால் 1864-இல் ஸ்தாபிதமாகி, வெள்ளி பொய்த்ததும் ஜனங்கள் கலைந்துபோன இந்தப் பிரதேசத்தில் நகராட்சி பெற்ற ஊர் ஒன்றுகூட இல்லை. வாஷோ ஆதிகுடிகளோ சுரங்கக்காரர்களுக்கு வெகுகாலம் முன்பிருந்தே அங்கு வாழ்பவர்கள்.

நார்வேயில் பிறந்து இங்கே குடியானவராயிருந்த ‘ஸ்னோஷூ’ தாம்ஸன், நீண்ட மரச்சறுக்குப் பலகைகளைக் காலில் கட்டி, ஒற்றைக் கம்பை ஊன்றி, முதுகில் தபால் மூட்டையுடன் 1856 முதல் சுமார் இருபது குளிர்காலங்கள் பனிமலையைக் கடந்தார். வாஷிங்டன்வரை சென்று முறையிட்டும் சர்க்கார் அவருக்கு உரிய ஊதியத்தைத் தரவில்லை என்பது, நன்றி கெட்ட செயல் என்றே சொல்லவேண்டும்.

அரசியலோ இன்னும் விநோதம். சில நூறு வாக்குகளே நிர்வாகத்தை நிர்ணயிக்கும் என்று கணக்கிட்ட லாஸ் ஏஞ்சலிஸ் ஓரினச்சேர்க்கையாளர் உரிமை இயக்கத்தினர், கூட்டமாகக் குடியேறித் தேர்தலில் வென்று கவுண்டியைக் கைக்கொள்ளப்போவதாக 1970-இல் அறிவிக்கவே, உள்ளூர் அதிகாரிகள் பதறிப்போய் மாநிலத் தலைநகரான சாக்ரமெண்டோவின் உதவியை நாடினர். குடியேற்றம் நடக்கவேயில்லை; பத்திரிகைகளுக்கு மட்டும் சிலகாலம் நல்ல வேட்டை.