சுற்றுச்சூழல் கல்வியும் கல்லூரி மாணவரும்

எத்துணைப் பசி வந்துற்றபோதும் விதைநெல்லைக் குற்றி உண்ணலாகாது என்பது நம் உழவர் வழிவழியாகப் போற்றிவரும் நெறி. இவ்வாண்டின் பசி பெரிதாயினும், அடுத்த ஆண்டும் பசி உண்டு என்பதை அவர்கள் மறப்பதில்லை. ஐக்கிய நாடுகள் அவையின் சார்பில் அமைந்த உலக ஆணையம் ஒன்று 1987-ஆம் ஆண்டில் ‘நிலைத்த வளர்ச்சி’ என்பதற்குக் கூறிய பொருளும் ஏறக்குறைய இதுவே. இன்றைய தேவைகளை நாம் நிறைவு செய்துகொள்ளலாம்; ஆனால் வருந்தலைமுறையினர் தம் தேவைகளை நிறைவு செய்துகொள்ளும் ஆற்றலைக் குறைத்துவிடலாகாது.

இந்நெறியைக் கற்க நம் நாட்டுப் பல்கலைக்கழக மாணவர்க்கு உள்ள வாய்ப்புகள் யாவை? அவற்றை அவர்கள் எங்ஙனம் பயன்கொள்ளலாம்? இவற்றை இங்குச் சிறிது ஆராய்வோம்.

இவ்வாய்ப்புகளுள் எல்லார்க்கும் பொதுவாக அமைந்த ஒன்று, ஒரு வழக்கின் பயனாக வந்தது. இயற்கைச் சூழலைக் காப்பது குடிமக்கள் ஒவ்வொருவருடைய கடமை என்பது 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நம் அரசியலமைப்பில் இடம்பெற்றது. கடமை இன்னதென அறியாதவர் அதனை ஆற்றுவது எவ்வாறு? எம். சி. மேத்தா என்னும் வழக்கறிஞர் சூழலைப் பற்றிய அறிவு மக்களிடையே பரவ வழி செய்யுமாறு உச்சநீதிமன்றத்தை வேண்டினார். 1991-ஆம் ஆண்டில் தீர்ப்புக் கிடைத்தது. திரையரங்குகள் இப்பொருள் பற்றிய படவில்லைகளைக் காட்ட வேண்டும். வானொலியும் தொலைக்காட்சியும் சிறு நிகழ்ச்சிகளை வழங்க வேண்டும். பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் இது பாடமாதல் வேண்டும் என நீதிமன்றம் பணித்தது. ஆணை கல்லூரி வாயிலைக் கடக்க மேலும் பல ஆண்டுகள் ஆயின. 2003-ஆம் ஆண்டில் நீதிமன்றம் அதனை மீண்டும் வலியுறுத்தியது. பல்கலைக்கழக மானியக் குழு இளநிலைப் பட்ட வகுப்புகள் அனைத்திற்கும் பொதுவான ஆறு மாதப் பாடத்திட்டத்தை வகுத்தளித்தது.

அத்திட்டத்தில் பாட வேளைகள் 50. அவற்றுள் 45 வகுப்பறைக்கு உரியவை. ஐந்து மட்டுமே களப்பணிக்கு உரியவை. ஆனால் மதிப்பெண் நூற்றில் களப்பணிக்கு 25 ஒதுக்கப்பட்டது. பத்தில் ஒரு பங்கு நேரத்திற்கு நான்கில் ஒரு பங்கு மதிப்பெண்! வெளியே சென்று கண்ணால் காண்பதை அத்திட்டத்தார் எவ்வளவு உயர்வாகக் கருதினர் என்பது இதனால் விளங்கும். 2023-ஆம் ஆண்டில் மானியக் குழு வெளியிட்ட புதிய நெறிமுறைகளிலும் களப்பணிக்கு இடம் உண்டு.

நடைமுறையில் நிகழ்வது யாது? தேர்வுக்கு முந்திய இரவில் பாடத்தை நெட்டுருச் செய்வோர் பலர். களப்பணிக் குறிப்பேட்டை மூத்த மாணவரிடமிருந்து வாங்கிப் படியெடுப்போரும் உளர். குளத்தைக் காணாமலே குளத்தைப் பற்றி எழுதி மதிப்பெண் பெறுவது கல்வியாகுமா? நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் தந்த வாய்ப்பு இவ்வாறு வெறுஞ்சடங்காய் முடிதல் வருந்தத்தக்கது.

களப்பணிக்குத் தொலைவிடம் செல்லவேண்டுவதில்லை. விடுதியில் ஒழுகும் குழாய் ஒன்றின் அடியில் ஒரு பாத்திரத்தை ஒரு மணி நேரம் வைத்து, சேர்ந்த நீரை அளந்து பாருங்கள். ஒரு லிட்டர் சேர்ந்தால் நாளொன்றுக்கு 24 லிட்டர். ஆண்டொன்றுக்கு 8,760 லிட்டர். பின்னர் மொட்டைமாடியை அளவுநாடாவால் அளந்திடுங்கள். ஆயிரம் சதுர மீட்டர்ப் பரப்பில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் பத்தாயிரம் லிட்டர். அது எங்கே செல்கிறது? நிலத்துள் இறங்குகிறதா, சாக்கடையில் கலக்கிறதா? இவ்வினாவிற்கு விடை தேடுவோர் கணக்கு, நிலவியல், பொறியியல், நிருவாகம் ஆகிய நான்கையும் ஒருங்கே கற்றவராவர்.

மற்றொரு பணியும் உண்டு. பல்லுயிர்ப் பாதுகாப்புக்கென 2002-ஆம் ஆண்டில் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. அதன்படி உள்ளாட்சிதோறும் அமையும் குழு, அவ்வூரின் செடிகொடிகள், பறவை விலங்குகள், பயிர் வகைகள், அவற்றைப் பற்றி ஊரார் அறிந்த செய்திகள் ஆகியவற்றை ‘மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு’ என்னும் ஏட்டில் எழுதி வைத்தல் வேண்டும். இதற்குக் கல்லூரி ஆசிரியரும் மாணவரும் பெரிதும் துணைபுரியலாம். ஒரு மூலிகையின் பயனை அறிந்த மூதாட்டி சொல்லாமல் மறைந்தால் அவ்வறிவும் உடன் மறையும். அவரருகே அமர்ந்து கேட்டு எழுதும் மாணவர், நூலில் இல்லாத பாடத்தைக் கற்பதோடு ஊருக்கும் உதவியவராவர்.

இத்துறையில் மேலும் கற்க விழைவோர்க்கும் இடங்கள் உள்ளன. டேராடூனில் 1982-இல் தோன்றிய இந்திய வனவிலங்கு நிறுவனம், பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் 1983-இல் அமைந்த சூழலியல் மையம், தில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் சூழல் அறிவியல் துறை ஆகியவை குறிப்பிடத்தக்கவை. மும்பை ஐ.ஐ.டி.யில் 1985 முதல் இயங்கிவரும் கிராமப்புறத் தொழில்நுட்ப மையத்தில், சிற்றூர்களில் தங்கிக் கள ஆய்வு செய்வதும் முதுநிலைப் படிப்பின் ஒரு பகுதியாகும். வெளியூர் செல்ல இயலாதோர், 2017-இல் தொடங்கப்பெற்ற ‘ஸ்வயம்’ என்னும் இணையவழித் திட்டத்தில் கட்டணமின்றிப் பாடம் கேட்கலாம். சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டுமே கட்டணம் உண்டு. 1969-இல் தோன்றிய நாட்டு நலப்பணித் திட்டமும், கல்லூரிகளைச் சிற்றூர்களோடு இணைக்க 2014-இல் தோன்றிய உன்னத பாரத இயக்கமும் செயல்வழிக் கல்விக்கு உதவுவன.

இவையெல்லாம் அறிவியல் மாணவர்க்கே உரியவை என எண்ணிவிடலாகாது. பங்குச் சந்தையில் இடம்பெற்ற முதல் ஆயிரம் நிறுவனங்கள், தாம் செலவிடும் நீர், எரியாற்றல், வெளியேற்றும் கழிவு ஆகியவற்றிற்கு ஆண்டுதோறும் கணக்குக் காட்டுதல் 2022-23 நிதியாண்டு முதல் கட்டாயமாயிற்று. அக்கணக்கை எழுதவும் சரிபார்க்கவும் வணிகவியல் கற்றோர் வேண்டும்.

ஆகவே, மாணவ நண்பர்கள் இப்பாடத்தை மதிப்பெண்ணுக்குரிய சுமையாகக் கருதாமல், ஐந்து மணி நேரமேனும் உண்மையாக வெளியே சென்று காண்பார்களாக. ஆசிரியர்களும் பிறர் ஏட்டைப் பார்த்து எழுதிய குறிப்பை ஏற்காது, மாணவர் தாமே அளந்து எழுதிய குறிப்பை, அது சிறிதாயினும், ஏற்றுப் பாராட்டுவார்களாக. இவ்வளவு செய்தாலே இக்கல்வி வேரூன்றும்.