ஜெராய் மலை கடலில் மூழ்கினால்?

"அவன் சரியான எம்டன்!" என்று உங்கள் பாட்டி யாரையாவது சொல்லக் கேட்டிருக்கிறீர்களா? எம்டன் என்பது முதலாம் உலகப் போர்க் காலத்து ஜெர்மானியப் போர்க்கப்பல். 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு அது சென்னையின் எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டு எரித்தது. அக்டோபர் 28ஆம் நாள் அதிகாலையில் நம் பக்கத்துப் பினாங்குத் துறைமுகத்தில் நுழைந்து ஒரு ரஷ்யக் கப்பலை மூழ்கடித்தது. நவம்பர் 9ஆம் நாள் ஆஸ்திரேலியாவின் 'சிட்னி' கப்பலிடம் அடிபட்டு, ஒரு பவளப்பாறையின் மேல் ஏறி நின்றது.

அந்தப் பவளப்பாறை இருக்கும் இடம் கொக்கோஸ் கீலிங் தீவுகள். மாணவர்களே, இன்று நாம் அங்கேதான் போகப் போகிறோம்.

சுமத்திராவுக்குத் தென்மேற்கே, இந்தியப் பெருங்கடலில் இருக்கும் இத்தீவுகள் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தவை. தீவுகள் 27, ஆனால் எல்லா நிலத்தையும் கூட்டினால் 14 சதுர கிலோமீட்டர்தான். மக்கள் வாழ்வது இரண்டு தீவுகளில் மட்டும். மொத்தம் ஏறக்குறைய 600 பேர். சுற்றுலாக் கூட்டம் இல்லாத அமைதியான இடம். விமானத்திலிருந்து பார்த்தால், உடைந்த வளையல் துண்டுகளைத் தண்ணீரில் வட்டமாக அடுக்கி வைத்தது போல இருக்கும். வட்டத்துக்கு உள்ளே ஆழமில்லாத, இளம்பச்சை நிறக் காயல். வெளியே கருநீல ஆழ்கடல். இந்த அமைப்பை வட்டப் பவளத்தீவு, அதாவது அட்டோல் என்கிறோம்.

1836 ஏப்ரலில் 'பீகிள்' கப்பலில் இங்கே வந்து இறங்கினார் 27 வயது சார்லஸ் டார்வின். அவர் முன்னே ஒரு புதிர் இருந்தது. பாறை கட்டும் பவள உயிரிகள் தம் உடலுக்குள் நுண்பாசிகளை வைத்திருக்கின்றன. அந்தப் பாசிகள் உணவு தயாரிக்க வெயில் வேண்டும் என்பதை இன்று நாம் அறிவோம். டார்வின் காலத்தில் இந்தக் காரணம் தெரியாது. ஆனாலும் பவளம் ஆழமில்லாத நீரில்தான் வளரும் என்பது தெரிந்திருந்தது. கரையிலிருந்து சுமார் 2 கிலோமீட்டர் தள்ளிக் கப்பல் தலைவர் ஃபிட்ஸ்ராய் கயிறு விட்டு ஆழம் பார்த்தார். 2,000 மீட்டருக்கும் மேல் கயிறு இறங்கியும் தரை தட்டவில்லை! அப்படியானால் இந்தப் பவள வளையம் எதன் மேல் நிற்கிறது?

டார்வினின் விடையைப் புரிந்துகொள்ள, பீடோங்கில் நின்று நம் குனோங் ஜெராயைப் பாருங்கள். உயரம் 1,217 மீட்டர். ஜெராய் எரிமலை அன்று. ஆனால் கணக்குக்காக அதை நடுக்கடலில் எழுந்த ஓர் எரிமலை என்று வைத்துக்கொள்வோம். முதலில் மலையடிவாரத்தைச் சுற்றிக் கரையோரமாகப் பவளம் வளரும். பின்னர் மலை, பல பத்து இலட்சம் ஆண்டுகளாக, மிக மெதுவாகக் கீழே அமிழும். பவளமோ வெயிலை விடாமல் மேல் நோக்கிக் கட்டிக்கொண்டே வரும். கரைக்கும் பவளத்துக்கும் இடையே நீர் புகும். கடைசியில் மலையுச்சியும் மறையும். பவள வளையம் மட்டும் மிஞ்சும்.

டார்வின் இதை 1842இல் நூலாக வெளியிட்டார். பலர் நம்பவில்லை. 1952இல் பசிபிக்கில் உள்ள எனிவெட்டாக் தீவில் துளையிட்டுப் பார்த்தார்கள். ஒரு துளை சுமார் 1,400 மீட்டர் சுண்ணாம்புப் பாறையைக் கடந்த பிறகே எரிமலைப் பாறையைத் தொட்டது. ஜெராயையே உள்ளே வைத்து மூடிவிடலாம், அவ்வளவு தடிமன்! கட்டியவை எறும்பளவு உயிரிகள்.

சரி, நான்கு பக்கமும் உப்புநீர் சூழ்ந்த தீவில் குடிக்க என்ன செய்வது? மழைநீர் மணலில் இறங்கி, உப்புநீரின் மேல் மிதக்கிறது. நன்னீரின் அடர்த்தி 1.000, கடல்நீரின் அடர்த்தி 1.025. இந்தச் சிறு வேறுபாட்டால், கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் நின்றால் கீழே 40 மீட்டர் நன்னீர் இருக்கும் என்பது ஏட்டுக் கணக்கு. இரண்டும் கலப்பதால் உண்மையில் அளவு குறையும். வீட்டில் செய்து பாருங்கள்: ஒரு குவளையில் பாதி உப்புநீர். நிறம் கலந்த நல்ல தண்ணீரைக் கரண்டியின் முதுகு வழியாக மெல்ல ஊற்றுங்கள். நன்னீர் மேலேயே நிற்கும். பிறகு குவளையைக் குலுக்குங்கள். தாழ்ந்த தீவின் மேல் பெரிய அலை ஏறினால் கிணற்றுக்கு நேர்வதும் இதுதான். கடல்மட்டம் உயர உயர இந்த ஆபத்தும் கூடும்.

இங்கே ஹோம் தீவில் வாழ்பவர்கள் பேசுவது மலாய் மொழி. 1826 முதல் தென்னந்தோட்ட வேலைக்காகக் கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததியினர் இவர்கள். கூலியாகக் கிடைத்தவை நெகிழி வில்லைகள். அவை முதலாளியின் கடையில் மட்டுமே செல்லும். தோட்டக் கடைப் பற்றுக் கணக்கைப் பற்றித் தாத்தா சொல்லக் கேட்டவர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. 1984 ஏப்ரல் 6ஆம் நாள், ஐ.நா. பார்வையாளர்கள் முன்னிலையில் வாக்களித்து, ஆஸ்திரேலியாவுடன் இணைய இம்மக்களே முடிவு செய்தார்கள்.

ஆனால் ஒன்றை அவர்களால் முடிவு செய்ய இயலவில்லை: கரையில் என்ன ஒதுங்க வேண்டும் என்பதை. 2019இல் வெளியான ஓர் ஆய்வு, இத்தீவுகளின் கடற்கரைகளில் 41 கோடிக்கும் மேற்பட்ட குப்பைத் துண்டுகள், 238 டன் எடை, கிடப்பதாக மதிப்பிட்டது. பெரும்பாலும் நெகிழி. அதில் பல்துலக்கிகள் மட்டும் சுமார் 3 இலட்சத்து 70 ஆயிரம். காலணிகள் ஏறக்குறைய 10 இலட்சம். 600 பேர் இத்தனையையும் போட்டிருக்க முடியுமா? பிற நாடுகளின் கரைகளிலிருந்து கடல் சுமந்து வந்தவை இவை.

நம் மெர்போக் ஆறும் கடலில்தான் கலக்கிறது. அந்த 10 இலட்சத்தில் நம் ஊர்ச் செருப்பு எத்தனை என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் பள்ளிக்குப் பின்னாலுள்ள கால்வாயில் இன்று எத்தனை கிடக்கின்றன என்று நாம் எண்ணலாம், எடுக்கவும் செய்யலாம்.

கொக்கோஸ் வெகுதூரம். பவளத்தை நேரில் பார்க்க விரும்பினால் நம் கெடாவிலேயே, லங்காவிக்குத் தெற்கே, பாயார் தீவு கடல் பூங்கா இருக்கிறது. கரையை ஒட்டி வளரும் பவளத்தை அங்கே காணலாம். போனால் பவளத்தின் மேல் கால் வைக்காதீர்கள். அது கல் போலத் தெரியும், ஆனால் உயிருள்ளது.