பிக்கப் வண்டியின் மாற்றங்களும் எடை வரம்பும்

பாரம் சுமக்கும் சாதனம் எதுவாயினும் அதன் வலுவுக்கு ஓர் எல்லை உண்டு. மாட்டு வண்டி ஓட்டுபவர் இவ்வுண்மையை நன்கு அறிவார். நுகத்தடி மாட்டின் கழுத்தை மிகுதியாக அழுத்தினால் ‘முன்பாரம்’ என்று கூறி மூட்டைகளைப் பின்னுக்குத் தள்ளுவார். நுகத்தடி மேலெழும்பினால் ‘பின்பாரம்’ என்று முன்னுக்கு நகர்த்துவார். மாட்டின் நடையே அவருக்குத் துலாக்கோல். மோட்டார் வண்டியோ இத்தகைய குறிப்பு எதனையும் உடனே காட்டுவதில்லை. மிகுபாரத்துடனும் அது புறப்பட்டுவிடும். அதன் விளைவு பிறிதொரு நாளில், ஓர் இறக்கத்திலோ ஏரிக்கரை வளைவிலோதான் வெளிப்படும்.

சித்தூர்–திருப்பதி வட்டாரத்தில், புத்தூருக்கு மேற்கே அமைந்துள்ளது கார்வேட்டிநகரம். முற்காலத்தில் ஒரு ஜமீனின் தலைமையிடமாக விளங்கிய இவ்வூரைச் சுற்றிலும் குன்றுகளும் மாந்தோப்புகளும் உள்ளன. இவ்வட்டாரத்தின் முக்கிய விளைபொருள் தோத்தாபுரி மாங்காய். தமிழ்நாட்டில் இதனைக் கிளிமூக்கு என்றும் பெங்களூரா என்றும் வழங்குவர். இதில் பெரும்பகுதி பழக்கூழ் ஆலைகளுக்குச் செல்கிறது. தோப்பிலிருந்து தார்ச்சாலை வரையுள்ள வழி ஓடைக்கல், பாறைச் சரிவு, மழையில் அரிக்கப்பட்ட தடம் ஆகியவற்றால் ஆனது. இவ்வழியில் செல்வதற்கென்றே பிக்கப் வண்டிகளைப் பட்டறையில் மாற்றியமைக்கும் வழக்கம் பல இடங்களிலும் பரவியுள்ளது. கமான் பட்டைகளைக் கூட்டுதல், பெரிய டயர் பொருத்துதல், பக்கப் பலகைகளை உயர்த்துதல், முன்புறம் இரும்புக் காப்பு அமைத்தல், மருந்து தெளிக்க நீர்த்தொட்டி வைத்தல் ஆகியன அவற்றுள் முக்கியமானவை. இம்மாற்றங்களால் வண்டியின் எடை வரம்பு உயர்கிறதா, குறைகிறதா என்பதே இக்கட்டுரையில் ஆராயப்படும் பொருள்.

மூன்று எண்கள்

வண்டியின் உரிமையாளர் மூன்று எண்களை அறிந்திருத்தல் வேண்டும். முதலாவது வெற்றெடை: பாரமின்றி, வழக்கமான உபகரணங்களுடன் உள்ள வண்டியின் எடை. ஓட்டுநர், உதவியாளர் ஆகியோரின் எடை இதில் சேராது. இரண்டாவது மொத்த எடை: ஆட்களும் பாரமும் உள்ளிட்டு வண்டி எட்டக்கூடிய உச்ச அளவு. இவ்விரண்டும் பதிவுச் சான்றில் குறிக்கப்பட்டுள்ளன. மூன்றாவது அச்சு எடை: முன்னச்சும் பின்னச்சும் தனித்தனியே தாங்கக்கூடிய அளவு.

இரண்டு அச்சு எடைகளையும் கூட்டினால் பெரும்பாலும் மொத்த எடையைவிடச் சற்று அதிகமாக வரும். பாரம் முன்னும் பின்னும் சிறிது மாறுபட்டு அமையலாம் என்பதற்காக விடப்பட்ட இடம் அது. கூடுதலாக ஏற்றிக்கொள்வதற்குத் தரப்பட்ட அனுமதி அன்று.

ஓர் எடுத்துக்காட்டு

கணக்கை எளிதாக்கும் பொருட்டு ஒரு பிக்கப் வண்டியைக் கற்பனை செய்துகொள்வோம். அதன் மொத்த எடை 3,000 கிலோ. வெற்றெடை 1,700 கிலோ. வெற்றெடையில் முன்னச்சில் 950 கிலோவும், பின்னச்சில் 750 கிலோவும் அமைகின்றன. முன்னச்சின் வரம்பு 1,250 கிலோ. பின்னச்சின் வரம்பு 2,000 கிலோ. இரு அச்சுகளுக்கும் இடையே 3 மீட்டர் தூரம். உரிமையாளர், ‘என் வண்டி 1,300 கிலோ தாங்கும்’ என்று எண்ணியிருக்கிறார்.

இனி மாற்றங்களைக் கணக்கிடுவோம். முன்புற இரும்புக் காப்பும் அதனுடன் இழுவைக் கருவியும் 100 கிலோ. ஸ்டெப்னி உள்ளிட்ட ஐந்து பெரிய டயர்களால் கூடுவது 60 கிலோ. பின்புறக் கமான் பட்டைகள் 40 கிலோ. உயர்த்திய பக்கச் சட்டங்கள் 100 கிலோ. ஆக 300 கிலோ. ஓட்டுநரும் உதவியாளரும் சேர்ந்து 150 கிலோ. இவற்றைக் கழித்தால் எஞ்சுவது 850 கிலோ மட்டுமே. வண்டியை ‘வலுப்படுத்தியவர்’ உண்மையில் 300 கிலோ மாங்காய்க்குரிய இடத்தை இரும்புக்கும் ரப்பருக்கும் கொடுத்துவிட்டார். பழைய நினைவில் 1,300 கிலோவே ஏற்றினால் மொத்தம் 3,450 கிலோ ஆகும். வரம்புக்கு மேல் 450 கிலோ.

சரி, 850 கிலோவுடன் நிறுத்திக்கொண்டால் போதுமா? அச்சுகளையும் பார்த்தல் வேண்டும். காப்பு முன்னச்சுக்கு 75 சென்டிமீட்டர் முன்னே நீட்டிக்கொண்டிருப்பதாகக் கொள்வோம். நெம்புகோல் தத்துவப்படி, அதன் 100 கிலோ முன்னச்சில் 125 கிலோவாக அழுத்தும்; பின்னச்சிலிருந்து 25 கிலோவைத் தூக்கிவிடும். பாரத்தின் மையம் பின்னச்சுக்கு 30 சென்டிமீட்டர் முன்னே இருந்தால், பாரத்தில் பத்தில் ஒரு பங்கு முன்னச்சுக்கும் ஒன்பது பங்கு பின்னச்சுக்கும் செல்லும். ஆட்களின் எடையும் பிற பாகங்களின் எடையும் அவ்வவற்றின் இடத்துக்கு ஏற்பப் பிரியும். எல்லாவற்றையும் கூட்டினால் முன்னச்சில் 1,269 கிலோவும், பின்னச்சில் 1,731 கிலோவும் அமைகின்றன. மொத்தம் சரியாக 3,000 கிலோ. ஆயினும் முன்னச்சு தன் வரம்பை 19 கிலோ தாண்டிவிட்டது. காப்பை நீக்கினால் அதே அச்சில் 1,144 கிலோவே இருக்கும். மொத்த எடை வரம்புக்குள் இருப்பதால் மட்டும் வண்டி பாதுகாப்பாக உள்ளது என்று கொள்ளலாகாது என்பது இதனால் விளங்கும்.

பட்டையைக் கூட்டினால் வலு கூடுமா?

பாரம் ஏற்றியதும் வண்டி பின்புறம் தாழ்வதைக் கண்டு கமான் பட்டை கூட்டுவர். அதன்பின் வண்டி தாழாது நிற்கும். தாழாமையை வலு என்று கருதுவதே இங்கு நேரும் பிழை. பட்டை கூடியதால் அச்சுக்குழலோ, சக்கரப் பேரிங்கோ, சேஸிஸோ, பிரேக்கோ மாறவில்லை. ஒரு சங்கிலியில் ஒரு கண்ணியை மட்டும் தடிப்பாக்கினால் சங்கிலியின் வலு கூடுவதில்லை. மேலும், முன்பு பட்டைகள் வளைந்து ஏற்றுக்கொண்ட அதிர்ச்சி இப்போது நேரே சேஸிஸுக்குச் செல்கிறது. வரம்பை நினைவூட்டிய ஓர் அடையாளமும் மறைந்துவிடுகிறது.

டயரின் நிலையும் இத்தகையதே. டயரின் பக்கத்தில் அதன் அளவை அடுத்துப் பொறிக்கப்பட்டுள்ள பாரக் குறியெண்ணைக் காணலாம். 100 என்னும் குறி 800 கிலோவையும், 104 என்னும் குறி 900 கிலோவையும் ஒரு டயர் தாங்கும் என்பதைக் காட்டும். இவ்வளவும் உரிய காற்றழுத்தத்தில்தான். மணலிலும் சேற்றிலும் செல்லக் காற்றைக் குறைப்பவர், டயர் தாங்கும் பாரத்தையும் உடன் குறைத்துவிடுகிறார் என்பதை மறத்தலாகாது. டயரின் ஆரம் பத்தில் ஒரு பங்கு பெரிதானால், வேகமானி 40 காட்டும்போது உண்மை வேகம் 44 ஆகும். அதே மிதியழுத்தத்துக்குத் தரையில் கிடைக்கும் பிரேக் விசையும் ஏறத்தாழ அதே விகிதத்தில் குறையும். எடுத்துக்காட்டில் கண்ட 3,450 கிலோ வண்டி இறக்கத்தில் வரும்போது, அதே வேகத்தில் அதன் பிரேக்குகள் விழுங்க வேண்டிய சக்தி 15 சதவிகிதம் மிகுதி.

பாதைக்கேற்ற பாரம்

கரடுமுரடான நிலத்தில் எவ்வளவு ஏற்றலாம் என்னும் வினாவுக்கு இராணுவ வண்டிகளின் வரலாறு நல்ல விடை தருகிறது. 1950 முதல் அமெரிக்க இராணுவத்தில் வழங்கிய எம்-35 என்னும் லாரியை ‘இரண்டரை டன் லாரி’ என்பர். இப்பெயர் பாதையற்ற நிலத்தில் அது சுமக்கும் 5,000 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 2,270 கிலோ பாரத்தைக் குறித்து எழுந்தது. நல்ல சாலையில் அதே லாரிக்கு 10,000 பவுண்டு அனுமதிக்கப்பட்டது. பாதை கெட்டால் பாரம் பாதி என்பது இதன் பொருள். நம் நாட்டில் விற்கப்படும் பிக்கப் வண்டிகளின் மொத்த எடையோ சாலைப் பயன்பாட்டைக் கருதிக் குறிக்கப்பட்டது. ஆதலால் பதிவுச் சான்றில் உள்ள எண்ணைத் தோப்புப் பாதையில் எட்ட வேண்டிய இலக்காகக் கொள்ளாமல், எட்டக்கூடாத எல்லையாகக் கொள்வதே அறிவுடைமை. சக்கரம் பள்ளத்தில் விழும் கணத்தில் அச்சின்மேல் ஏறும் விசை, வண்டி நிற்கும்போது உள்ளதைவிடப் பெரிதும் மிகும்.

களப்பணியாளர் நன்கறிந்த ஜீப்பின் கதையும் இங்கு நினைக்கத் தக்கது. 1940இல் அமெரிக்க இராணுவம் இவ்வண்டிக்கு முதலில் விதித்த எடை 1,300 பவுண்டு, அதாவது சுமார் 590 கிலோ. அது இயலாதெனக் கண்டு, பின்னர் 2,160 பவுண்டாக உயர்த்தினர். வில்லிஸ் நிறுவனப் பொறியியலாளர்கள் வலிமையான எஞ்சினைக் கைவிட மனமின்றி, ஒவ்வோர் உறுப்பையும் எடையிட்டு, பிற உறுப்புகளில் எடையைக் குறைத்தே அவ்வரம்பை அடைந்தனர். மேடு பள்ளத்தில் செல்லும் வண்டியை ஆக்கியவர்கள் எடையைக் கழிப்பதில் முனைந்தனர். நம் பட்டறைகளிலோ கூட்டுவதில் முனைகிறோம்.

உயரமும் சரிவும்

எடையின் அளவேயன்றி அதன் உயரமும் கருதத்தக்கது. இடது, வலது சக்கரங்களுக்கு இடையே 1.4 மீட்டர் இடைவெளி உள்ள வண்டியின் எடைமையம் தரையிலிருந்து 0.8 மீட்டர் உயரத்தில் இருந்தால், கணக்குப்படி ஏறத்தாழ 41 பாகைப் பக்கச் சரிவில் அது கவிழும். பெரிய டயராலும் உயர்த்திய பலகைக்குள் குவித்த பாரத்தாலும் எடைமையம் 1.1 மீட்டருக்கு ஏறினால், 32 பாகையிலேயே கவிழும். கமானும் டயரும் ஒரு பக்கமாக அமுங்குவதால் நடைமுறையில் இதற்கும் முன்னரே அபாயம் நேரும். நீர்த்தொட்டியில் இன்னுமொரு தீங்கு உண்டு. ஆயிரம் லிட்டர் நீர் ஆயிரம் கிலோ. தொட்டி பாதி நிறைந்திருந்தால் வளைவில் நீர் ஒரு பக்கமாகத் தளும்பி வண்டியைத் தள்ளும். தொட்டிக்குள் தடுப்புத் தகடுகள் இருத்தல் நலம்.

பாரத்தின்மேல் ஆட்களை ஏற்றுதல் எவ்வகையிலும் தகாது. 2025 ஜூலையில், ராஜம்பேட்டை–ரயில்வே கோடூர் வழியில் புல்லம்பேட்டை அருகே, ஏரிக்கரைச் சாலையில் மாங்காய் லாரி ஒன்று கவிழ்ந்து, அதில் பயணம் செய்த கூலித் தொழிலாளர் ஒன்பது பேர் உயிரிழந்தனர். வண்டி கவிழும்போது பாரமே மேல்விழும் என்பதைத் தோப்பு வேலைக்குச் செல்லும் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

சட்டமும் வரவுசெலவும்

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தியது. முன்புற இரும்புக் காப்புகள் இப்பிரிவுக்கு மாறானவை என்று 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்குத் தெரிவித்தது. 113ஆம் பிரிவோ மொத்த எடையை மட்டும் கூறவில்லை. பதிவுச் சான்றில் கண்ட வெற்றெடையை மிஞ்சிய வண்டியை ஓட்டுவதையும் தடை செய்கிறது. ஆகவே, ஒரு மாங்காய்கூட ஏற்றாத நிலையிலேயே நம் எடுத்துக்காட்டு வண்டி வரம்பை மீறியதாகும். 2018 ஜூலையில் இரண்டச்சுக் கனரக லாரிகளின் மொத்த எடை 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாக உயர்த்தப்பட்டது. பிக்கப் வண்டிகளுக்கும் அவ்வாறே வரம்பு கூடிவிட்டது என்று கருதுதல் தவறு.

2019இல் திருத்தப்பட்ட 194ஆம் பிரிவின்படி மிகுபாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய்; அதன்மேல் மிகுதியான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய்; பாரத்தை இறக்கும் செலவும் வேறு. 2025 பருவத்தில் ஆந்திர அரசு தோத்தாபுரிக்கு அறிவித்த விலை, அரசின் 4 ரூபாய் உதவியையும் சேர்த்து, கிலோவுக்கு 12 ரூபாய். மிகையாக ஏற்றிய 450 கிலோவின் முழு விலையும் 5,400 ரூபாய்தான். விலை வீழ்ந்த ஆண்டில் ஒரு நடையை மிச்சப்படுத்த விவசாயி விரும்புவது இயல்பே. ஆயினும் ஒரே ஒரு சோதனையில் நான்கு நடைகளின் மிச்சம் போய்விடுகிறது.

சாலைக்கு நேரும் நட்டமும் சிறிதன்று. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தின் ஒட்டாவா நகரருகே 1958 முதல் 1960 வரை நடந்த பெரும் சாலைச் சோதனையின்படி, சாலையின் சேதம் அச்சு எடையின் ஏறத்தாழ நான்காம் மடிக்கு ஏற்ப வளர்கிறது. அச்சு எடை 20 சதவிகிதம் கூடினால் சேதம் இரட்டிப்பாகும்.

செய்முறை

மாற்றம் செய்த வண்டியை எரிபொருள் நிரப்பி, பாரமின்றி எடைமேடைக்குக் கொண்டுசெல்க. முதலில் முன்சக்கரங்களை மட்டும் மேடைமேல் நிறுத்தி எடையிடுக. பிறகு முழு வண்டியை. இறுதியாகப் பின்சக்கரங்களை மட்டும். மேடையும் அதை அடுத்த தரையும் ஒரே மட்டத்தில் இருத்தல் வேண்டும். முதல் எடையும் மூன்றாம் எடையும் சேர்ந்து இரண்டாம் எடைக்கு ஏறக்குறையச் சமமாகும். வழக்கமான பாரத்துடன் இதனை மீண்டும் ஒருமுறை செய்க. கிடைத்த அளவுகள் எந்த அச்சில் எவ்வளவு இடம் எஞ்சியுள்ளது என்பதைக் காட்டும். குறைவாயிருப்பின் பாரத்தை நகர்த்துவதற்கு முன், தேவையற்ற இரும்பை வண்டியிலிருந்து கழற்றுக.

மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனம் ஒன்று கார்வேட்டிநகரத்திலேயே உள்ளது. இத்தகைய நிறுவனங்களிலும் பள்ளிகளிலும் இப்பாடத்தை எளிதாக நடத்தலாம். 50 சென்டிமீட்டர் நீளமுள்ள இலேசான மரச்சட்டம் ஒன்றை, 30 சென்டிமீட்டர் இடைவெளியில் வைத்த இரண்டு சிறு தராசுகளின்மேல் கிடத்தி, இரண்டையும் பூச்சியத்தில் நிறுத்துக. 100 கிராம் படிக்கல்லைப் பின் தராசுக்கு 3 சென்டிமீட்டர் முன்னே வைத்தால், அது 90 கிராமும் முன் தராசு 10 கிராமும் காட்டும். அதே கல்லை முன் தராசுக்கு 7.5 சென்டிமீட்டர் அப்பால் வைத்தால், முன் தராசு 125 கிராம் காட்டும். பின் தராசில் எடை குறையும். மேலே கண்ட இரும்புக் காப்பின் கணக்கு இதுவே. வண்டி ஓட்டும் தந்தையரை உடைய மாணவர் இதனை வீட்டிற் சென்று கூறாமல் இரார்.

களப்பணியாளர் தம் அலுவலக வண்டியிலிருந்தே இப்பணியைத் தொடங்கலாம். எடைமேடைச் சீட்டில் கண்ட எஞ்சிய பாரத்தைக் கதவின் உட்புறத்தில், ஓட்டுநரின் கண்ணிற் படும்படி பெரிய எழுத்தில் எழுதிவைத்தல் வேண்டும். மாற்றம் ஏதேனும் செய்யும் ஒவ்வொரு முறையும் மீண்டும் எடையிட்டு அவ்வெண்ணைத் திருத்துதலும் வேண்டும்.