குலுக்காத மருந்து பாதி மருந்து

மருந்துப் போத்தலில் ஒட்டியிருக்கும் சீட்டில், 'உபயோகிக்கும் முன் நன்றாகக் குலுக்கவும்' என்ற வரியை நீங்கள் எத்தனையோ முறை பார்த்திருப்பீர்கள். ஏன் குலுக்க வேண்டும் என்று ஒரு நாளாவது யோசித்ததுண்டா? சும்மா சம்பிரதாயத்துக்கு எழுதியது என்று எண்ணிவிடாதீர்கள். மருந்தின் அளவே அந்த வரியில்தான் அடங்கியிருக்கிறது.

முதலில் ஒரு சிறு சோதனை. ஒரு போத்தலில் பாதியளவு தண்ணீரும் நான்கு கரண்டி சமையல் எண்ணெயும் ஊற்றிக் குலுக்குங்கள். கலந்தது போலத் தோன்றும்; சற்று நேரத்தில் எண்ணெய் மேலே வந்துவிடும். இப்போது ஒரு முட்டையின் மஞ்சள் கருவைச் சேர்த்துக் குலுக்குங்கள். எண்ணெய் அவ்வளவு எளிதில் பிரியாது. மஞ்சள் கருவிலுள்ள லெசிதின் என்ற பொருள் ஒவ்வோர் எண்ணெய்த் துளியையும் போர்த்தி, ஒன்றோடொன்று சேரவிடாமல் தடுக்கிறது. இத்தகைய கலவைக்குத்தான் எமல்ஷன் என்று பெயர். தமிழில் பால்மம் என்பார்கள்.

மருந்துக்கு இது எதற்கு? வெறும் மீனெண்ணெயை எந்தப் பிள்ளை விரும்பிக் குடிக்கும்? அதையே சிறு துளிகளாக்கி, நீரில் பரப்பி, இனிப்பும் மணமும் சேர்த்தால் முகம் சுளிக்காமல் குடித்துவிடும். அந்நாளில் மருந்து கலப்பவர்கள் எண்ணெய் 4 பங்கு, தண்ணீர் 2 பங்கு, அக்கேசியா பிசின் 1 பங்கு என்ற கணக்கில் கல்வத்தில் இட்டு அரைப்பார்கள். கலவை வெளுத்து, அரைக்கும்போது 'சட் சட்' என்று ஓசை எழுந்தால் பதம் வந்துவிட்டது என்று பொருள். பிறகுதான் மீதித் தண்ணீரைச் சேர்ப்பார்கள்.

பால்மம் பிரிவதில் இரண்டு வகை உண்டு. இதைத் தாய்மார்களுக்கு நான் விளக்கவே வேண்டியதில்லை. தேங்காய்ப் பாலைப் பிழிந்து வைத்தால் கெட்டியான பகுதி மேலே திரளும். கலக்கினால் பழையபடி ஆகிவிடும். அதையே அடுப்பில் வைத்து வற்றக் காய்ச்சினால் எண்ணெய் பிரியும்; பிறகு எவ்வளவு கலக்கினாலும் பால் திரும்பாது. மருந்தும் அப்படித்தான். மேலே ஆடை போலத் திரண்டிருந்தால் குலுக்கினால் போதும். குலுக்கிய பின்னும் எண்ணெய் தனியே மிதந்தால் அந்த மருந்து முறிந்துவிட்டது, பயன்படுத்தக் கூடாது.

ரப்பர்ப் பாலும் இந்தக் குடும்பத்துக்கு நெருங்கிய உறவுதான். அதன் ரப்பர்த் துகள்களைப் புரதமும் கொழுப்பும் போர்த்தியிருக்கின்றன. பார்மிக் அமிலத்தை விட்டதும் அந்தக் காவல் குலைந்து, பால் உறைந்துவிடுவதைத் தோட்டத்தில் வாழ்ந்தவர்கள் அறிவார்கள். பால்ம மருந்தில் நாமாக எதையும் கலக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வேண்டுமா?

இனி, குலுக்காவிட்டால் வரும் கேட்டைப் பாருங்கள். சொறிக்குப் பூசும் பென்சைல் பென்சோவேட் மருந்தும் ஒரு பால்மமே. பெரியவர்களுக்கு 25 சதவிகிதம்; பிள்ளைகளுக்கு அதைவிடக் குறைத்துக் கொடுப்பார்கள். இந்த மருந்து தண்ணீரைவிடக் கனமானது. அதனால் அடியில் தங்கும். வீட்டில் எல்லோரும் ஒரே சமயத்தில் பூசிக்கொள்ள வேண்டும் என்பதால் ஒரே போத்தல் கைமாறுகிறது. குலுக்காமல் ஊற்றினால் முதலில் பூசுபவருக்குத் தண்ணீர்தான் மிச்சம், பூச்சி சாகாது. கடைசியில் பூசுபவருக்குத் தோல் எரியும். சில வாரங்களில் முதலாமவரிடமிருந்து சொறி மறுபடியும் வீடு முழுக்கப் பரவும். பழி மட்டும் மருந்தின் மேல்!

ஆகவே வாசகர்களே, இவற்றை மனத்தில் வையுங்கள்:

1. ஒவ்வொரு முறை ஊற்றும் முன்பும் நன்றாகக் குலுக்குங்கள்.

2. வெயில் படும் சன்னலோரத்திலோ அடுப்பருகிலோ வைக்காதீர்கள். ஐஸ்பெட்டியின் உறையும் அறையிலும் வேண்டாம். உறைந்தாலும் பால்மம் முறியும்.

3. நிறமோ மணமோ மாறினால் மருந்துக்கடைக்காரரிடம் காட்டிக் கேளுங்கள்.

ஒரு நிமிடம் குலுக்குவதற்குக் காசு செலவில்லை. காசு கொடுத்து வாங்கிய மருந்து முழுமையாக வேலை செய்வது அதில்தான் இருக்கிறது.