வாசலுக்கு வரும் வைத்தியம்

கணவன் மனைவி இருவரும் சேர்ந்து உட்கார்ந்து இதைப் படியுங்கள். வீட்டில் மாமியார் இருந்தால் அவரையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். நடுராத்திரியில் ஆஸ்பத்திரிக்குப் போவதா வேண்டாமா என்று பல வீடுகளில் முடிவு செய்கிறவர் அவர்தானே!

ராத்திரி பதினொரு மணி. மனைவிக்கு எட்டாம் மாதம்.

"என்னங்க, தலை வெடிக்கிற மாதிரி வலிக்குது. கண்ணு வேற மங்கலாத் தெரியுது."

"வெயில்ல அலைஞ்சிருப்பே. தைலம் தேச்சிட்டுப் படு. காலையில நர்சம்மாகிட்ட காட்டலாம்."

கணவர் அன்பில்லாதவர் அல்ல. இந்நேரத்தில் வண்டிக்கு எங்கே போவது, என்ன கேட்பானோ என்ற கவலைதான் அவரை அப்படிச் சொல்ல வைக்கிறது. ஆனால் கர்ப்பிணிக்கு இப்படித் தலைவலியும் கண் மங்கலும் சேர்ந்து வந்தால், அது ரத்தக் கொதிப்பின் அறிகுறியாக இருக்கலாம். அடுத்து வலிப்பு வரக்கூடும். காலை வரை பொறுக்கக் கூடாது.

அதேபோல் பிரசவத்துக்குப் பின் கர்ப்பப்பை சுருங்காமல் போனால் ரத்தம் நிற்காமல் போகும். அரை லிட்டருக்கு மேல் போனாலே ஆபத்து. கடுமையாகப் போனால் இரண்டு மணி நேரத்துக்குள் உயிரே போய்விடலாம். "அழுக்கு ரத்தம்தான், போகட்டும்" என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டு உட்கார்ந்திருக்காதீர்கள்.

முன்பெல்லாம் கட்டை வண்டியையும் டெம்போவையும் தேடி ஓடினோம். நம் தமிழ்நாட்டில் 2008-ஆம் ஆண்டு முதல் 108 வண்டி ஓடுகிறது. எந்தப் போனிலிருந்தும் 108 என்ற மூன்று எண்ணை அழுத்தினால் போதும். போனுக்கும் காசில்லை, வண்டிக்கும் காசில்லை. உங்கள் அழைப்பு கட்டுப்பாட்டு அறைக்குப் போகும். அங்கே பேசுகிறவருக்கு உங்கள் ஊர் தெரியாது. ஆகையால் மாவட்டம், தாலுகா, ஊர், பக்கத்தில் உள்ள கோயில் அல்லது பள்ளிக்கூடம் என்று வரிசையாகச் சொல்லுங்கள். எத்தனையாவது மாதம், என்ன தொந்தரவு என்பதையும் சொல்லுங்கள். "சீக்கிரம் வாங்க, சீக்கிரம் வாங்க" என்று கத்திவிட்டுப் போனை வைத்துவிட்டால் வண்டி எங்கே வரும்?

பலர் நினைப்பதுபோல் அது வெறும் வண்டி அல்ல. ஓட்டுகிறவர் ஒருவர், அவரைப் பைலட் என்பார்கள். பின்னால் இருப்பவர் மருத்துவ உதவியாளர். இவர் டாக்டர் இல்லை. ஆனால் அவசர சிகிச்சைக்கென்றே தனிப் பயிற்சி பெற்றவர். வந்தவுடன் நாடி, ரத்த அழுத்தம், மூச்சு மூன்றையும் பார்ப்பார். மூச்சுத் திணறினால் ஆக்சிஜன் வைப்பார். ரத்தப்போக்கு இருந்தால் டிரிப் ஏற்றுவார்; பிரசவத்துக்குப் பின் என்றால் அடிவயிற்றைத் தேய்த்துக் கர்ப்பப்பையைச் சுருங்கச் செய்வார். சந்தேகம் வந்தால் கட்டுப்பாட்டு அறையில் உள்ள டாக்டரிடம் போனிலேயே கேட்டு மருந்து கொடுப்பார். வழியில் பிரசவமாகும்போல் இருந்தால் வண்டியை ஓரம் கட்டி அங்கேயே பிரசவம் பார்ப்பார். அதற்கான சாமான்கள் வண்டியிலேயே உண்டு. அந்த நேரத்தில் அவர் ஆணா பெண்ணா என்று தயங்க வேண்டாம்.

பக்கத்து வீட்டுக் காரில் போனால் இது ஒன்றும் கிடைக்காது. காரில் ஆஸ்பத்திரி வாசலில்தான் வைத்தியம் ஆரம்பம். 108-ல் உங்கள் வீட்டு வாசலிலேயே ஆரம்பம்.

வண்டி வரும்வரை என்ன செய்வது? தாயை இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்து கொடுப்பது நம் ஊர் வழக்கம். இரும்பால் வலிப்பு நிற்காது. கை கிழிவதுதான் மிச்சம். வாயில் கரண்டியோ துணியோ திணிக்கக் கூடாது. சோடா, காப்பி எதுவும் வேண்டாம். ஆபரேஷன் தேவைப்பட்டால் வயிறு காலியாக இருப்பதே நல்லது. பிள்ளை பிறந்தபின் ரத்தம் போகிறதென்றால் குழந்தையை உடனே மார்பில் விடுங்கள். பால் குடிக்கும்போது கர்ப்பப்பை சுருங்கும். ஒருவர் டார்ச் விளக்கோடு தெருமுனைக்குப் போய் நிற்கட்டும். தாய் சேய் நல அட்டையை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

வண்டியில் ஏறியபின் ஒரு தகராறு அடிக்கடி நடக்கிறது. "பக்கத்துல இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே விடுங்க, எதுக்கு அவ்வளவு தூரம்?" என்பார்கள் உறவினர்கள். ரத்தம் ஏற்றவும் வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்யவும் எல்லா இடத்திலும் வசதி இருக்காது. மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரி போன்ற இடங்களில் உள்ள 'சீமாங்' மையத்தில் இரவு பகல் எந்நேரமும் அந்த வசதி உண்டு. உதவியாளர் அங்கே போகவேண்டும் என்றால், அவர் சொல்படியே போங்கள். சிறிய இடத்தில் இறங்கி, மறுபடி பெரிய இடத்துக்குப் புறப்படுவதில் ஒரு மணி நேரம் போய்விடும். அந்த ஒரு மணி நேரம் தாயிடம் இருக்கிறதா என்று யாருக்குத் தெரியும்? ரத்தம் கொடுக்கக்கூடிய சொந்தக்காரர் இரண்டு பேர் பின்னாலேயே வந்தால் உபகாரம்.

வளைகாப்பு முடிந்ததுமே, "ராத்திரியில ஏதாச்சும்னா யாரையும் கேக்காம 108-க்குப் போன் போட்டுடு" என்று கணவர் மனைவியிடம் வாய்விட்டுச் சொல்லி வையுங்கள். மாமியார் காதில் விழும்படியே சொல்லுங்கள். கணவர் வெளியூர் வேலைக்குப் போகிற வீடுகளில் இது இன்னும் அவசியம். அரசு ஆஸ்பத்திரியில் பிரசவமாகித் தாயும் பிள்ளையும் வீடு திரும்பவும் இலவச வண்டி உண்டு. அதற்கு எண் 102.