கண்ணாடி விரியனும் டாக்டர் ரஸ்ஸலும்

பட்டு நெசவினாலும் தேவாலயங்களினாலும் கீர்த்தி பெற்ற காஞ்சீபுரத்தின் எல்லையைத் தாண்டியவுடன் காணப்படுவன ஏரிப் பாசனத்து நெல்வயல்களே. கதிர் முற்றும் காலத்தில் எலிகள் வரப்புக்களில் வளை தோண்டுகின்றன. எலியை நாடிக் கண்ணாடி விரியன் வருகிறது. இரவில் மடை திருப்பச் செல்லும் விவசாயியும் அறுவடைக்குக் குனியும் கூலியாளும் அதனால் கடியுண்பது கிராமங்களில் புதிதன்று. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 லட்சம் பேர் மாண்டனர் என்று ஆராய்ச்சியாளர் கணித்துள்ளனர். அவர்களுள் பெரும்பாலோர் கிராமவாசிகள்.

இப்பாம்பின் ஆங்கிலப் பெயரில் இன்றும் நிலைத்திருப்பவர் பாட்ரிக் ரஸ்ஸல் என்னும் வைத்தியர். எடின்பரோ நகரில் பிறந்த அவர், ஸிரியா தேசத்து அலெப்போவில் பல்லாண்டு வைத்தியம் செய்து, அங்கே பரவிய பிளேக் நோயை நேரிற் கண்டு ஆராய்ந்தவர். 1782-இல் தம் சகோதரருடன் விசாகப்பட்டணம் வந்தார். 1785-இல் கோனிக் என்ற தாவர சாஸ்திரி காலஞ்சென்ற பின், சென்னை இராஜதானியில் கம்பெனியாரின் இயற்கை நூலறிஞராக நியமனம் பெற்றார். மூங்கிற் கணுக்களில் உறையும் மூங்கிலுப்பைப் பற்றியும் அவர் 1790-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். நாட்டு மருந்துக் கடைகளை அறிந்தோர்க்கு அப்பொருள் புதிதன்று.

எனினும் அவருடைய பெரும் உழைப்பு பாம்புகளைப் பற்றியதே. எது விஷமுள்ளது, எது விஷமற்றது என்பதே அவர் எழுப்பிய வினா. வயிற்றுச் செதில்களை எண்ணிப் பாம்புகளைப் பிரிப்பது அக்கால வழக்கம். அவ்வெண்ணிக்கை விஷத்தைக் காட்டாதென உணர்ந்த ரஸ்ஸல், வாயைத் திறந்து நச்சுப்பல் உண்டா என்று பார்த்தார். கோழிகளையும் நாய்களையும் கடிக்கச் செய்து, எந்த நேரத்தில் எந்தக் குறி தோன்றியது என்று குறித்து வைத்தார். அப்பிராணிகள் பட்ட பாடு இரங்கத்தக்கதே. ஆயினும் வதந்தியாக இருந்த செய்தி அதனாலேயே கணக்கிற்கு வந்தது. சோழமண்டலக் கரைப் பாம்புகளைப் பற்றிய அவரது நூல் 1796-இல் வெளியாயிற்று. அதில் கண்ணாடி விரியனை அதன் தெலுங்குப் பெயராலேயே குறித்தார். மறு ஆண்டு அப்பாம்பிற்கு அவர் பெயரையொட்டிய சாஸ்திரப் பெயர் இடப்பட்டது.

அக்காலத்தில் விஷக்கடிக்குப் புகழ் பெற்றிருந்த தஞ்சாவூர் மாத்திரையில் பாஷாணம் சேர்ந்திருந்ததையும் அவர் கண்டறிந்தார். பாஷாணமே ஒரு கொடிய விஷம். பாம்பின் நஞ்சை முறிக்கும் மாத்திரை எதுவும் இன்றளவும் இல்லை.

முறிவு மருந்து ரஸ்ஸல் காலத்தில் கிட்டவில்லை. 1890-க்குப் பிற்பட்ட ஆண்டுகளில்தான் கால்மெட் என்ற பிரெஞ்சு அறிஞர், பிராணிகளுக்கு நஞ்சைச் சிறிது சிறிதாகச் செலுத்தி, அவற்றின் இரத்தத்திலிருந்து மருந்து எடுத்தார். ஆனால் நாகத்தின் நஞ்சிற்காகச் செய்த மருந்து கண்ணாடி விரியனின் நஞ்சிற்குப் பயன்படவில்லை என்று இந்தியாவில் சோதித்த ஜார்ஜ் லாம்ப் காட்டினார். இனத்தைப் பிரித்தறிய வேண்டுமென்ற ரஸ்ஸலின் வினா இவ்வாறு மீண்டும் எழுந்தது. இப்போது இந்திய ஆஸ்பத்திரிகளில் வழங்கும் மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கிற்கும் பொதுவானது. ஆதலின் கடித்த பாம்பைத் தேடி அடித்து வைத்தியரிடம் கொண்டு செல்லுதல் வேண்டுவதில்லை. அம்முயற்சியில் மற்றொருவர் கடிபடுவதே மிச்சம்.

அம்மருந்திற்கு வேண்டிய நஞ்சில் பெரும்பகுதி, 2019 வரை காஞ்சீபுரம் ஜில்லாவைச் சேர்ந்திருந்த வடநெம்மேலியிலிருந்து செல்வது பலர் அறியாதது. பாம்புத் தோல் வியாபாரம் சட்டத்தால் தடுக்கப்பட்டபின் பிழைப்பிழந்த இருளர்கள், 1978-இல் அங்கே ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். வயல்களில் பாம்பைப் பிடித்து, நஞ்சை எடுத்து, மீண்டும் காட்டில் விட்டுவிடுகின்றனர். இருளர்களுள் வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கு 2023-இல் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது.

கண்ணாடி விரியனின் நஞ்சு இரத்தத்தை உறையவொட்டாது செய்து, சிறுநீரகத்தையும் கெடுக்கும். சுத்தமான கண்ணாடிக் குழாயில் எடுத்த இரத்தம் இருபது நிமிஷத்தில் உறையாதிருப்பின் வைத்தியர் அதனை அறிந்துகொள்வார். கடிவாயைக் கீறுதலும், உறிஞ்சுதலும், கயிற்றால் இறுக்கிக் கட்டுதலும் தீங்கே விளைக்கும். கடியுண்ட காலையோ கையையோ அசையாது சிம்பு வைத்து, உடனே அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லல் வேண்டும். 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசாங்கம் பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக ஆக்கியிருப்பதால், ஆஸ்பத்திரிகள் ஒவ்வொரு கடியையும் சுகாதார இலாகாவிற்குத் தெரிவித்தல் வேண்டும். வழியிலேயே உயிர்விட்டோர் அக்கணக்கில் விடுபடாதவாறு பார்த்துக்கொள்வதில் கிராம அதிகாரிகளின் உதவி பெரிதும் தேவைப்படும்.