இரும்பு மாத்திரையும் வெறுந்தேத்தண்ணியும்

அமெரிக்காவில் 'டிராவல் நர்ஸ்' என்றால், ஆள் குறைந்த ஆஸ்பத்திரிக்குப் பெரும்பாலும் 13 வார ஒப்பந்தத்தில் போய், முடிந்ததும் அடுத்த ஊருக்கு மாறும் தாதி. இலங்கையில் ஹட்டன், நுவரெலியாத் தேயிலைத் தோட்டங்களில் ஊர் சுற்றும் வேலை குடும்பநல உத்தியோகத்தருடையது. சனங்களுக்கு அவர் 'மிட்வைஃப் மிஸ்'. ஆனால் அவர் சுற்றுவது வருடக்கணக்கில் அதே லயங்களை, தோட்டத்து வரிசை வீடுகளைத்தான்.

இந்தப் பதவிக்கு, உயர்தரம் சித்தியடைந்தவர்களுக்கு 18 மாதப் பயிற்சி. முதல் வருடம் தாதியர் பயிற்சிக் கல்லூரியில், மிச்சம் வெளிக்களத்தில். 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையின் வழிவந்தது இந்தப் பதவி. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கீழ் வேலை. தோட்ட நிர்வாகம் சம்பளம் கொடுத்து வைத்திருந்த மருத்துவிச்சி வேறு, இவர் வேறு.

புதிதாகக் கல்யாணம் முடித்த சோடி முதல் ஐந்து வயதுப் பிள்ளை வரை இவருடைய பதிவேட்டில் இருக்கும். கர்ப்பம் தரித்தால் நிறை, பிரஷர் பார்ப்பது, திரிபோஷா சத்துமா கொடுப்பது. பிரசவித்தால் முதல் பத்து நாளுக்குள் இரண்டு தடவை வீட்டுக்கே போய்ப் பார்ப்பது. வீட்டுக்குப் போவதில்தான் சிக்கல். காலையில் வேலைக்கு ஆள் கூடும் பிரட்டுக்குப் பிறகு லயத்தில் பெண்கள் இருக்கமாட்டார்கள், மலையில் நிற்பார்கள். அனுபவப்பட்ட மிஸ் பகல் கொழுந்து நிறுவை நேரம் பார்த்து, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்துக்குப் பால்கொடுக்க வரும் தாயைப் பிடிப்பார்.

தாயைப் பிடித்த பிறகும், இரத்தச்சோகைக்கு இரும்பு மாத்திரை கொடுத்தால் மட்டும் போதாது. தேயிலையிலுள்ள பொலிபீனோல்கள் வயிற்றில் இரும்பைப் பிடித்துக்கொள்கின்றன. உடம்பு உறிஞ்சுவது குறைந்துவிடுகிறது. குளிருக்கும் பசிக்கும் வெறுந்தேத்தண்ணி குடிக்கும் சனத்திடம், நாள் முழுக்கத் தேயிலை பறிப்பவரிடமே, "மாத்திரையோடு தேத்தண்ணி வேண்டாம்" என்று சொல்லவேண்டியிருக்கிறது! விட்டமின் சி இரும்புக்கு உதவும் என்பதால் தேசிக்காயோ கொய்யாவோ சேர்க்கச் சொல்லலாம். தேத்தண்ணியை ஓரிரு மணித்தியாலம் தள்ளிக் குடிக்கச் சொன்னால் கேட்பார்கள். அடியோடு விடச் சொன்னால் மாத்திரைதான் ஜன்னலுக்கு வெளியே போகும்.

இதையெல்லாம் தமிழில் பேசினால்தான் காரியம் நடக்கும். தமிழ் தெரியாத உத்தியோகத்தர் வந்தால், வெள்ளைபடுதலையும் குடும்பக்கட்டுப்பாட்டையும் பற்றி ஒரு பெண் தன் பத்து வயது மகனை மொழிபெயர்க்க வைத்தா பேசுவாள்? மலையகத்தில் உயர்தரம் முடித்த பிள்ளைகள் கொழும்புக் கடைவேலைக்குப் போகாமல் இந்தப் பதவிக்கு விண்ணப்பிக்க, இது ஒன்றே போதுமான காரணம் என்பேன். சிங்களமும் கொஞ்சம் வேண்டும். மேலதிகாரியோடும் ஆஸ்பத்திரியோடும் பேசவேண்டியிருக்கும்.